புளியங்கொட்டையும் தொடர்கதையும்

வாசகர் கேள்விகளுக்கு, மன்னார்குடிப் பக்கம் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து 2019-ல் ஓய்வுபெற்ற அம்மையார் பதில் சொல்கிறார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு இருபது கதைப் புத்தகங்கள் வாங்கி அடுக்கினேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை. கையில் எப்போதும் போன்தான். 'படி, படி' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. (ஓர் அம்மா, விழுப்புரம்)

அந்த இருபதில் ஒன்றை இன்று ராத்திரி நீங்கள் கையில் எடுங்கள். அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். "நீயும் கேள்" என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது நமக்கு மறந்துவிட்டது. எழுத்துக் கூட்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் நினைவில் இருக்காது. நம் மொழியில் இன்னொரு சிரமமும் உண்டு. வீட்டில் 'வந்துட்டான்' என்று பேசுகிற குழந்தை, புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று பார்க்கிறது. 'சொன்னாங்க' என்பது அங்கே 'சொன்னார்கள்' ஆகிவிடுகிறது. தன் மொழிதான், ஆனால் வேற்று ஆள் மாதிரி நிற்கிறது. அந்த நடை பெரியவர்கள் வாயால் பல தடவை காதில் விழுந்து பழகினால்தான் கண்ணுக்கும் பழகும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பாயி. 1970 வாக்கில் நடந்தது, எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் புளி உடைப்பார்கள். அப்பாயி, பெரியம்மா, பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர். ஓட்டை நீக்கி, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். எல்லோர் கையும் பிசுபிசுவென்று இருக்கும். வீட்டில் வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த தொடர்கதை பைண்டு ஒன்று இருந்தது. அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியும், ஆனால் அந்தக் கையால் தாளைத் தொட முடியாது. அதனால் படிக்கிற வேலை எனக்கு வந்தது.

அந்தக் காலத்து அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல் உடைந்து பாதி அடுத்த வரிக்குப் போயிருக்கும். நான் 'கண்' என்று நிறுத்தி, அடுத்த வரிக்குப் போய் 'ணீர்' என்று தனியாகப் படிப்பேன். அப்பாயி தலை நிமிராமலே "கண்ணீர்" என்பாள். எழுத்தே தெரியாதவள் என் வாசிப்பைத் திருத்தினாள். அவளுக்குக் கதை போகிற போக்கு தெரியும், அடுத்து என்ன சொல் வரும் என்று காது முந்திக்கொள்ளும். படிப்பு என்பது எழுத்தைக் கூட்டுவது மட்டுமில்லை, வரப்போகிற சொல்லுக்குக் காத்திருப்பது என்று அந்தத் திண்ணையில்தான் எனக்குப் பிடிபட்டது.

அந்த பைண்டில் நடுவே இரண்டு வார இதழ் இல்லை. கதாநாயகி ஆற்றங்கரையில் நிற்கிறாள், அடுத்த பக்கத்தில் வேறு ஊரில் இருக்கிறாள். எப்படிப் போனாள்? நான்கு பெண்களும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பெரியம்மா "மாமன் வந்து கூட்டிப் போயிருப்பான்" என்றாள். அப்பாயி "அவ தனியாத்தான் போயிருப்பா, அவ குணம் அப்படி" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அந்த இரண்டு வாரத்தையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என்னை வாசகியாக்கியது அந்தப் புத்தகத்தில் இல்லாமல் போன பக்கங்கள்தான்.

கவனித்தீர்களா, அங்கே யாரும் என்னிடம் "கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கவில்லை. உங்களிடமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். படித்து முடித்ததும் நீதி கேட்காதீர்கள், சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். கதை பாதியில் இருக்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். மீதியை அவனே எடுத்துப் பார்க்கிற நாள் வரும். ஒரு வாரத்தில் வரலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதுவரை போனைப் பிடுங்குவதும் புத்தகத்தைத் திணிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டாம். புத்தகம் தண்டனையாகத் தெரிந்துவிடும்.

என் பையன் காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறான். தடுக்கலாமா? (ஒரு தந்தை, சாத்தூர்)

தடுக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்துச் சிவகாசியில்தான் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதை வாடகைக்கு எடுத்தும் கைமாற்றியும் படித்து வளர்ந்தவர்கள் பின்னாளில் என் நூலகத்தில் தடித்த நாவல்களைக் கேட்டு வாங்கிப் போனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளை தானே நிரப்பிக்கொள்கிறான். எங்கள் பைண்டில் காணாமல் போன இரண்டு வாரம் மாதிரிதான் அது.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் நல்ல புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும் அதே பீரோவில். தொலைந்தால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் பயப்படுகிறார். (ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்)

அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகங்களுக்கு நான் கைக்காசு கட்டியிருக்கிறேன். முதல் தடவை கட்டியபோது வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தொலைந்தவற்றில் பாதிக்கு மேல் குழந்தைகள் புத்தகங்கள், அதுவும் அதிகம் கேட்கப்பட்டவை. ஒருவராலும் தொடப்படாத புத்தகம் ஒன்றுகூடத் தொலையவில்லை.

சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதே 1931-ல் எங்கள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன்தான் வந்து தொடங்கிவைத்தார். மண் சாலையில், மழையில், படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலத்தில் புத்தகம் ஆளைத் தேடிப் போயிருக்கிறது. இன்று ஒரே கட்டடத்துக்குள் பீரோவிலிருந்து வகுப்பறைவரை போவதற்குத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். முதலில் முப்பது புத்தகங்களை மட்டும் கேளுங்கள். வகுப்பில் கயிறு கட்டி, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில், அட்டைப் படம் தெரிகிற மாதிரி தொங்கவிடுங்கள். முதுகைக் காட்டி நிற்கிற புத்தகத்தைச் சின்னப் பிள்ளை எடுக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி என்று கோடு போட்டு, பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள். வகுப்பில் சரியாகப் படிக்காத பிள்ளையிடம் அந்த நோட்டைக் கொடுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். தலைப்பைப் படித்துப் படித்து எழுதும்போது அவனுக்கு வருகிற பழக்கம் வேறு எதிலும் வராது. கிழிந்து வந்தால் திட்டாமல் கோந்தும் கந்தல் துணியும் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த முப்பதுக்கு அவரே சாவியை நீட்டக்கூடும்.

பேத்தி ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலக் கதைகளை வேகமாகப் படிக்கிறாள். தமிழ் என்றால் 'கஷ்டம் தாத்தா' என்று ஓடிவிடுகிறாள். (ஒரு தாத்தா, கோவை)

படிக்கிற ஆசை அவளிடம் இருக்கிறது, அதனால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

ஐந்தாம் வகுப்பு என்பதற்காக ஐந்தாம் வகுப்புக்கான தமிழ்ப் புத்தகம் வாங்கித் தராதீர்கள். அவள் மனதுக்குப் பத்து வயது, தமிழ் படிக்கிற கண்ணுக்கு ஆறு வயது. வரி குறைவாகவும் விஷயம் அவள் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்கிற புத்தகம் வேண்டும். சென்னையில் இருக்கும் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற படக்கதைகள் போட்டிருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம், படித்தல் நிலைவாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். பேத்தி ஆங்கிலத்தை உங்களுக்குப் படிக்கட்டும், நீங்கள் தமிழை அவளுக்குப் படியுங்கள். அவள் ஆங்கிலத்தில் உங்களைத் திருத்துவாள். அந்தச் சந்தோஷத்தில், நீங்கள் தமிழில் திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முடிந்தால் உங்கள் சின்ன வயதுச் சம்பவங்களை வாரத்துக்கு ஒரு பக்கம் பெரிய எழுத்தில் எழுதி அவளிடம் கொடுங்கள். தாத்தா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதைப் படிக்காத பேத்தி இருக்க மாட்டாள்.

நான் ஒன்பதாம் வகுப்பு. பாடப் புத்தகத்துக்குள் நாவலை மறைத்து வைத்துப் படித்தேன். அம்மா பார்த்துவிட்டார். பத்தாம் வகுப்பு முடியும்வரை கதைப் புத்தகமே கூடாதாம். நான் செய்தது தப்பா? (ஒரு மாணவி, சிதம்பரம்)

மறைத்தது தப்பு, படித்தது தப்பில்லை கண்ணு.

உன் கடிதத்தைப் படித்ததும் என் பழைய இரவல் பதிவேடுதான் கண் முன்னால் வந்தது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பெண் பிள்ளைகள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். எட்டு முடிவதற்குள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். பையன்கள் பத்தாம் வகுப்பில் நின்றார்கள். பெண்கள் அதற்கும் முன்னால், வயதுக்கு வந்ததும் நின்றார்கள். 1990-களில் ஒரு பெண், நான்கு நாளைக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் தம்பி அவளுடைய உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஏழு வயது. "அக்காவுக்குப் புத்தகம் வேணுமாம், எதுன்னு நீங்களே குடுப்பீங்களாம்" என்றான். நான்கு வருடம் அந்தப் பையன் கையில் கொடுத்தனுப்பினேன். திரும்பி வருகிற புத்தகத்துக்குள் சில நாள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'இதே மாதிரி இன்னொன்று' அல்லது 'இது வேண்டாம், முடிவு பிடிக்கவில்லை'. அந்தச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். தம்பியும் நடுவழியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்து, தனக்கென்று ஓர் அட்டை கேட்டான்.

இதை உன் அம்மாவிடம் காட்டு. அவருக்கு நான் சொல்வது இது: அம்மா, இரண்டு வருடம் கதையை நிறுத்தினால் பதினொன்றில் தானாகத் திரும்பி வரும் என்று நினைக்காதீர்கள். என் பதிவேட்டில் அப்படித் திரும்பி வந்த பெயர்கள் மிகக் குறைவு. ஒரு நாளைக்குப் படுக்கப்போகும் முன் இருபது நிமிடம் அவளுக்கு விட்டுக்கொடுங்கள். அரையாண்டுத் தேர்வு வாரத்தில் அதையும் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், கேட்பாள். ஒளிக்க வேண்டிய அவசியம் போய்விட்டால் பாட நேரமும் பாடத்துக்கே கிடைக்கும்.

நீ செய்ய வேண்டியது, நாவலைப் பாடப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்து, அம்மா கண்ணில் படுகிற இடத்தில் வைப்பது. முடிந்தால் அவரையும் ஒன்று படிக்கச் சொல். உனக்கு உறுப்பினர் அட்டை இல்லையென்றால் கிளை நூலகத்தில் கேட்டு வாங்கு. தயங்காதே. பொது நூலகத்துக்கென்று சென்னை மாகாணம் 1948-லேயே சட்டம் போட்டது, உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலாகிறது. அது உன் வீட்டார் காசில் நடக்கிற இடம்.

வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.