ஒரே தந்தையின் சொத்துக்கு இரண்டு ஊர் நீதிமன்றங்களில் மனு: எது செல்லும்?

கேள்வி: மும்பையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தை, பன்னிரண்டு ஆண்டுகளாக அம்மாவுடன் கோவையில் வசித்தார். சிகிச்சைக்காக அண்ணன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது சென்ற ஆண்டு மும்பை மருத்துவமனையில் காலமானார். உயில் எழுதவில்லை. கோவையில் வீடு, மும்பை மாட்டுங்காவில் ஒரு ஃபிளாட், இரு ஊர் வங்கிகளிலும் வைப்புத்தொகை ஆகியவை அவர் சுயமாகச் சம்பாதித்தவை. நிர்வாக உரிமை (இறந்தவரின் சொத்தைப் பராமரித்து, வாரிசுகளுக்குப் பிரித்துத் தர நீதிமன்றம் தரும் அதிகாரம்) கோரி கோவை மாவட்ட நீதிமன்றத்தில் நான் மனு செய்துள்ளேன். அண்ணனோ, அப்பா மும்பைவாசி என்றும், தானும் அம்மாவும் மட்டுமே வாரிசுகள் என்றும் கூறி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். "வழக்கு ஹைகோர்ட்டில் இருப்பதால் உன் மனு தானாகவே தள்ளுபடியாகிவிடும்" என்கிறார். உண்மையா? நாங்கள் இந்துக்கள்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது சரியல்ல. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 270-ஆவது பிரிவின்படி, இறந்தவருக்கு இறக்கும்போது நிலையான வசிப்பிடம் இருந்த மாவட்டத்திலும் மனு செய்யலாம். அவருக்கு ஏதேனும் சொத்து இருந்த மாவட்டத்திலும் செய்யலாம். 300-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தருவது மாவட்ட நீதிபதிக்கு இணையான அதிகாரத்தைத்தான். அங்கே ஒரு மனு இருப்பதாலேயே கோவை மனு செத்துவிடாது. அதேபோல, மாட்டுங்கா ஃபிளாட் ஒன்றே மும்பையில் மனுவை ஏற்கப் போதுமானது என்பதால், "மும்பைக்கு அதிகார வரம்பே இல்லை" என்று வாதாடிப் பணத்தையும் காலத்தையும் செலவிடாதீர்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது 271-ஆவது பிரிவு. இறந்தவருக்கு நிலையான வசிப்பிடம் இல்லாத இடத்தில் மனு செய்யப்பட்டால், வேறொரு மாவட்டத்தில் அதை நியாயமாகவும் வசதியாகவும் விசாரிக்க முடியும் என்று கருதும் நீதிபதி மனுவை மறுக்கலாம். அல்லது தன் எல்லைக்குள் உள்ள சொத்துக்கு மட்டும் நிர்வாக உரிமை வழங்கலாம். அண்ணன் அப்பாவை மும்பைவாசி என்று எழுதியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். இறப்புச் சான்றிதழில் மும்பை என்று இருப்பது இறந்த இடத்தை மட்டுமே காட்டுகிறது. வைத்தியத்துக்குப் போன இடம் வசிப்பிடமாகிவிடாது. கோவை முகவரியிட்ட ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, கேஸ் இணைப்பு, ஓய்வூதியர் வாழ்நாள் சான்று, மும்பைக்குப் போகுமுன் கோவை மருத்துவர்கள் தந்த சீட்டுகள் ஆகிய அனைத்தையும் சேகரித்து வையுங்கள்.

இதையெல்லாம் மும்பையில் சொல்ல வேண்டுமானால், அங்கே நீங்கள் கேவியட் (எனக்குத் தெரிவிக்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று கோரும் மனு) தாக்கல் செய்தாக வேண்டும். இது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் வரும், 90 நாட்களில் காலாவதியாகும் கேவியட் அல்ல. வாரிசுரிமைச் சட்டத்தின் 284-ஆவது பிரிவில் வருவது. இதைத் தாக்கல் செய்துவிட்டால், உங்களுக்கு அறிவிப்புத் தராமல் அம்மனுவில் மேல்நடவடிக்கை எடுக்க முடியாது. நீங்கள் ஆட்சேபித்தால் மனு வழக்காகவே விசாரிக்கப்படும். பெற்ற மகளின் பெயரை மறைத்திருப்பதை நான் மிகக் கடுமையான விஷயமாகவே கருதுகிறேன். முக்கியமான உண்மையை மறைத்து, மோசடியாகப் பெற்ற நிர்வாக உரிமையை 263-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம் என்றாலும், ரத்து செய்ய அலைவதைவிட வழங்கப்படுவதற்கு முன்பே தடுப்பது எளிது.

உங்கள் கோவை மனுவிலும் ஒரு குறை இருக்கிறது. 273-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம் வழங்கும் நிர்வாக உரிமை இந்தியா முழுவதும் செல்லும். மாவட்ட நீதிபதி வழங்குவது, வெளிமாநிலச் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மட்டுமே மாநில எல்லையைத் தாண்டும். இன்று எந்த ஃபிளாட்டும் அந்தத் தொகைக்குள் அடங்காது. ஆகவே, கோவையில் நீங்கள் வென்றாலும் மாட்டுங்கா ஃபிளாட்டுக்கு அந்த ஆணை பயன்படாது.

இதனால்தான் வேறு வழியை யோசிக்கச் சொல்கிறேன். உயில் இன்றி இறந்த இந்துவின் வாரிசுகள் தங்கள் உரிமையை நிலைநாட்ட நிர்வாக உரிமை ஆணை பெற்றே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை (பிரிவு 212). இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு அப்பா இறந்த அன்றே வந்துவிட்டது. வங்கி வைப்புத்தொகைக்கு, 371-ஆவது பிரிவின் கீழ் அவர் வழக்கமாக வசித்த கோவை நீதிமன்றத்திலேயே வாரிசுரிமைச் சான்றிதழ் கோருங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, இது வேறு. இந்தச் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும் என்பதால் மும்பை வங்கியும் இதற்குக் கட்டுப்படும். ஆனால் அதற்குமுன் மும்பையில் நிர்வாக உரிமை வழங்கப்பட்டு அது நடைமுறையில் இருந்தால், 385-ஆவது பிரிவின்படி உங்கள் சான்றிதழ் செல்லாது. கேவியட்டில் நான் அவசரம் காட்டுவது இதனால்தான்.

வீட்டுக்கும் ஃபிளாட்டுக்கும் சேர்த்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின் துணையோடு கோவையிலேயே ஒரே பாகப்பிரிவினை வழக்குப் போட முடியும். அப்படிப் போட்டால், வழக்கு நிலுவையில் இருப்பதற்கான அறிவிப்பை மும்பையில் பதிவு செய்ய மறக்காதீர்கள். வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் விதிக்கு மகாராஷ்டிரம் செய்துள்ள திருத்தம் இந்தப் பதிவைக் கேட்கிறது, தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பலர் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஒருவேளை அண்ணனுக்கே நிர்வாக உரிமை கிடைத்தாலும், அது சொத்தைப் பராமரித்து, கடன் தீர்த்து, வாரிசுகளுக்குப் பிரித்துத் தரும் பொறுப்பே தவிர, உங்கள் பங்கைக் குறைக்கும் தீர்ப்பு அல்ல. அவர் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஓராண்டில் கணக்கும் நீதிமன்றத்தில் தர வேண்டும். அதன் முன் அனுமதியின்றி ஃபிளாட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு. அந்தச் செலவுக்கு இப்போது அவசியமில்லை.

கடைசியாக, உங்கள் அம்மா மும்பை மனுவுக்குச் சம்மதக் கடிதம் எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். விவரம் தெரியாமல் கையெழுத்திட்டிருந்தால், அதை அவரே ஒரு பிரமாண வாக்குமூலமாக எழுதி, உங்கள் கேவியட்டோடு சேர்த்து மும்பைக்கு அனுப்பட்டும்.