கட்டைவிரலைக் காப்பாத்து, ஆத்தா!

கேள்வி: எனக்கு 24 வயது. மசாஜ் பயிற்சி முடித்துவிட்டு, கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஹோட்டல் ஸ்பாவில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் ராத்திரியில் கட்டைவிரல் விண்ணென்று தெறிக்கிறது. "இதை எத்தனை நாளைக்குப் பார்ப்பே?" என்கிறார் அம்மா. கடைசிவரை இந்தத் தொழிலிலேயே இருக்க முடியுமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: முடியும். எனக்கு 57 வயது. காரைக்குடியில் 31 வருடமாக இந்தக் கைதான் சோறு போடுகிறது. ஆனால் உன் விரல் இப்போதே பேசுகிறது, கேள். நான் கேட்கவில்லை. எட்டாவது வருடம், டிசம்பர் சீசன். ஒரு விடுதியில் நாளைக்கு ஏழு பேர். பொங்கலுக்குள் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் போனது. ஆறு வாரம் வருமானமே இல்லை. நீ முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டு.

அப்புறம் மேசையைப் பார். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய முஷ்டி மேசையில் படவேண்டும். உயரமான மேசையில் உடம்பு எடையை இறக்க முடியாது, பாரமெல்லாம் விரலுக்கே வரும். எனக்குக் கொடுத்தது பழைய பர்மாத் தேக்கு மேசை. காலை வெட்டலாமா என்று கேட்டதற்கு மேனேஜர் முறைத்த முறைப்பு இருக்கிறதே! மணை போட்டு ஏறி நின்றேன். ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழத் தரையில் எண்ணெய் சொட்டினால் மணை வழுக்கும், அடியில் ஈரச்சாக்கு போட்டுக்கொள். (விழுந்த பிறகு வந்த புத்தி.)

சித்த வைத்தியத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுவது, ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், முறுக்கல், இழுத்தல், அசைத்தல் எல்லாம் அதில் உண்டு. நாமோ அழுத்தல் ஒன்றையே பிடித்துக்கொண்டு, அதையும் கட்டைவிரலாலேயே செய்கிறோம். முதுகுக்கும் தொடைக்கும் முன்கை போதும். இடுப்பில் இறுகிய இடத்துக்கு முழங்கையை மெதுவாக இறக்கு. விரலைப் பாதத்துக்கும் கழுத்துக்கும் மிச்சம் வை. நாளைக்கு நாலு பேர், மிஞ்சினால் ஐந்து. ஹோட்டலில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் மாசி வரைக்கும்தான். சித்திரை வெயிலில் ஸ்பாவில் ஈ ஓட்டுவோம். உள்ளூர் வீடுகளைப் பிடி. முழங்கால் வலிக்கிற ஆச்சிகள், பிள்ளை பெற்ற பெண்கள். ஆபரேஷன் பிரசவம் என்றால் டாக்டர் சரி என்ற பிறகே கை வை.

வேண்டாம் என்று சொல்லவும் பழகு. அமெரிக்காவில் மகன் வீட்டிலிருந்து வந்திறங்கிய ஓர் ஆச்சிக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. "நல்லா உருவி விடு" என்றார். ரத்தக்கட்டி இருந்து உருவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். தொடமாட்டேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார். ஸ்கேனில் கட்டி இருந்தது. இப்போது அந்த வீட்டில் யார் ஊருக்கு வந்தாலும், பெட்டியைப் பிரிப்பதற்குள் எனக்குப் போன் வந்துவிடுகிறது.