கிரீஸ் அல்ல, ஆயில்

வணக்கம் சார்,

இங்கிலாந்தில் கவன்ட்ரியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கூரை திறந்த இரண்டு இருக்கை வண்டி மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. இப்போது 1972ஆம் வருட ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், புது பெயின்ட், புது சீட். 'முழுசாகப் புதுப்பித்த வண்டி' என்கிறார் விற்பவர். பிரிட்டிஷ் வண்டி மழையில் நின்றுவிடும் என்று ஆபீஸ் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இதை வாங்கலாமா, இல்லை பின்னால் வந்த 1500 மாடலுக்குக் காத்திருக்கலாமா? பத்து வருடத்தில் விலை ஏறுமா, முதலீடாகப் பார்க்கலாமா?

ஆர்., கவன்ட்ரி

அன்புள்ள ஆர்.,

போன மாதம் பழைய வண்டிகளின் கூடுகை ஒன்றில் உங்கள் சிவப்பு வண்டி மாதிரியே ஒரு ஸ்பிட்ஃபயரைப் பார்த்தேன். பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். இன்ஜின் அவ்வளவு சுத்தம். முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், ட்ரன்னியன் என்கிற முன்சக்கரப் பாகத்தைச் சுற்றிக் கெட்டியான கிரீஸ் பிதுங்கி நிற்கிறது. அங்கே ஆயில்தான் விட வேண்டும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். பாலிஷ் துணியை மடித்துக்கொண்டே தலையாட்டினார், அவ்வளவுதான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

முதலில் முதலீட்டுப் பேச்சை நிறுத்துங்கள். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. சாதாரணச் சம்பளக்காரர்களும் வாங்கட்டும் என்று செய்தது. அதுவும் எங்கே? நீங்கள் குடியிருக்கிற அதே ஊரில், கேன்லி தொழிற்சாலையில். லேலண்ட் கம்பெனி வந்து, இதைச் செய்த ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃப் கம்பெனியை வாங்கியபோது இது ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்த முன்மாதிரி வண்டி. அவர்கள் துணியை விலக்கிப் பார்த்திருக்காவிட்டால் ஸ்பிட்ஃபயரே இல்லை. அந்த ஊரில் இருந்துகொண்டு பத்து வருடம் கழித்து என்ன விலை போகும் என்று கேட்கிறீர்களே!

மார்க் 4-ஆ, 1500-ஆ? எதில் துரு குறைவோ அது. 1970க்கு முந்தைய வண்டிகளில், வளைவில் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். மார்க் 4-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள், எனவே உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். மழையில் நிற்கும் கதைக்கும் நீளமாகப் பதில் தேவையில்லை. ஐம்பது வருடப் பழைய வயரின் எர்த் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யாதவர்கள் பரப்புகிற கதை அது.

துருவுக்கு வருகிறேன். 'புது பெயின்ட்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி இருக்கிறதே, அதை இங்கே சில் என்பார்கள். ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸி உண்டு என்றாலும், பக்கவாட்டு பலம் இந்தச் சில்லில்தான் இருக்கிறது. ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கதவுக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது, திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம், ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு இன்ஜினின் முன்முனையில் பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் தண்டை நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் உள்ளே தேய்ந்திருக்கிறது.

இனி ட்ரன்னியன்.

உங்களுக்குத் தெரியுமா, ஸ்பிட்ஃபயர் என்பது ட்ரயம்ஃபின் ஹெரால்ட் காருடைய சேஸியைக் குறுக்கிச் செய்த வண்டி. அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் வண்டலூரில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று செய்தார்கள். திருச்சியில் என் சித்தப்பாவிடம் ஒன்று இருந்தது. 948 சிசி. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாலக்கரையில் ஒரு பாய்தான் அதற்கு மெக்கானிக். ஹெரால்ட் வந்தால் கிரீஸ் கன்னைத் தொடவே மாட்டார். தனியாக ஒரு கன் வைத்திருந்தார், அதில் கியர் ஆயில் மட்டும்தான். பட்டறைப் பையன் எவனாவது அதில் கிரீஸை அடைத்துவிட்டால் கடையே அதிரும். "கீழப் பல்லு வரைக்கும் எறங்கணும்டா, கிரீஸ் எறங்காது" என்பார்.

ட்ரன்னியன் என்பது ஒரு வெண்கலக் கட்டை. முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை ஸ்க்ரூ மாதிரி அதற்குள் இறங்கியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வண்டியின் பாரத்தோடு அந்த ஸ்க்ரூவும் திரும்புகிறது. ஆயில் விட்டால் கடைசிப் பல் வரை போய் வெளியே கசியும். கசியும்வரை விட வேண்டும். கிரீஸ் நடுவழியிலேயே இறுகிவிடும், அடியில் தண்ணீர் தேங்கும், உள்ளேயே இரும்பு துருப்பிடித்து ஒரு நாள் பட்டென்று முறியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கம்பெனிக் கையேடு ஆயில் என்றுதான் சொல்கிறது. ஆனால் அங்கே மாட்டுகிற நிப்பிளைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் கிரீஸ் கன்தான் நினைவுக்கு வருகிறது.

பாய் கடையை மூடிய பிறகு சித்தப்பா வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே கிரீஸ்தான். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது, வண்டி களைத்துப்போன மாடு மாதிரி ஒரு முன்னங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, நடை வேகம். யாருக்கும் அடி இல்லை. மறுநாளே தெருவில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்: ஹெரால்ட் மட்டமான வண்டி, முன்சக்கரம் கழன்றுவிடும். சித்தப்பா அந்த வண்டியில்தான் என் அத்தையைப் பிரசவத்துக்கு அழைத்துப்போனார், என்னைக் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதைப் பழித்தவர்களிடம் அவர் கடைசிவரை சண்டை போட்டார். நானும் போடுகிறேன்.

இங்கே பிரிட்டனில் 2018 மே முதல், நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. விற்பவர் இதை ஒரு சலுகையாகச் சொல்வார். வரி மிச்சம், சரி. ஆனால் சோதனையை விடாதீர்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை நீங்களாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வண்டியைத் தூக்கி அடியில் விளக்கடித்துப் பார்க்க ஒரு ஆளாவது வேண்டாமா? நம்மை நம்பி பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்கிறார்.

ஆர்., உங்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வண்டியில் தரையை ஒட்டி உட்கார்ந்து வார்விக்‌ஷயர் கிராமச் சாலைகளில் ஒரு மே மாதக் காலையில் போகிற சந்தோஷத்தை நீங்கள் நிச்சயம் அனுபவிக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் திட்டுகிறேன்.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ட்ரன்னியனுக்கு என்ன போடுகிறீர்கள்? கிரீஸ் என்றால், இரண்டு பக்கத் தண்டும் ட்ரன்னியனும் மாற்றுகிற செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். புரியாமல் விழித்தாலும் அதேதான். ஆயில் என்று சொன்னால் கன்னைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, நானும் உங்களோடு வருகிறேன். நாம் போய்ச் சேருமுன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்கக் கூடாது என்று மட்டும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது அடியிலிருந்து தட்டும் சத்தம் வருகிறதா என்று நான் கேட்க வேண்டும்.