குடல் பாக்டீரியா, பார்க்கின்சன்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் நுண்ணுயிரியல் ஆளு, டாக்டர் இல்ல. மாத்திரைய நீங்களா கூட்டாதீங்க, நிறுத்தாதீங்க.

கே: அக்கா, பார்க்கின்சன் மாதிரி மூளை நோய்க்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?

ப: கை நடுங்குறதுக்கு பல வருஷம் முன்னாடியே நிறைய பேருக்கு மலச்சிக்கல் வந்துடுது. 2003-ல ஜெர்மனில ஹைக்கோ பிராக் ஒரு கருத்து சொன்னாரு, ஆல்ஃபா சைனுக்ளீன்ங்கற புரதம் குடல் நரம்புல தப்பா மடிஞ்சு, குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்ப புடிச்சு மூளைக்கு ஏறுதோன்னு. டென்மார்க்ல பழைய ரெக்கார்ட பொரட்டி 2015-ல பாத்தா, அல்சருக்காக அந்த நரம்ப முழுசா வெட்டிக்கிட்டவங்களுக்கு இந்த நோய் கம்மி. 2016-ல அமெரிக்கால கால்டெக் பல்கலைக்கழகத்துல மஸ்மேனியன் குழு, கிருமியே இல்லாம வளத்த எலிக்கு நோயாளிங்களோட குடல் பாக்டீரியாவ குடுத்தாங்க, தடுமாத்தம் அதிகமாச்சு. ஆனா அது அந்த புரதம் அதிகமா சுரக்க மாத்தி வச்ச எலி, உங்க தாத்தா இல்ல.

கே: தயிர் சாப்பிட்டா சரியாகுமா?
ப: ஆகாது. சாப்பிடுங்க, நல்லது.

கே: மோர்?
ப: மேல பாருங்க.

கே: பழைய சோறு மேம்?
ப: தயிர், மோர், பழைய சோறு, கம்பங்கூழ் எல்லாத்துக்கும் ஒரே பதில்தாங்க!

கே: நல்லா இருக்கறவங்க மலத்த நோயாளி குடலுக்கு மாத்தி வைக்கிற சிகிச்சை?
ப: 2024-ல பெல்ஜியம் ஆராய்ச்சில கொஞ்சம் பலன், அதே வருஷம் ஃபின்லாந்துல ஹெல்சிங்கி ஆராய்ச்சில ஒண்ணும் இல்ல. இப்போதைக்கு காசு கட்டாதீங்க.

கே: நம்ம பூனைக்காலி விதைலயே எல்-டோபா இருக்கு, உங்க ஆளுங்க ஏன் மறைக்கிறீங்க?

ப: யாரு சார் மறைச்சா? பார்க்கின்சன் மாத்திரைல இருக்கிற அதே மருந்துதான் அதுலயும் இருக்கு, அதான் பயமே. ஒரு ஸ்பூன் பொடில எவ்ளோன்னு தெரியாம ஏற்கனவே போடுற மாத்திரையோட சேத்தா குமட்டல், பிரஷர் இறங்குறது, உடம்பு தானா நெளியறது எல்லாம் வரும்.

கே: இயற்கைல வந்தது ஒண்ணும் செய்யாது.

ப: அரளியும் இயற்கைதான். சரி, நீங்க இழுத்ததால சொல்றேன், இதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயமும். குடல்ல என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ்னு ஒண்ணு இருக்கு, மூளைக்கு போய் டோபமினா மாற வேண்டிய எல்-டோபால ஒரு பகுதிய அங்கயே டோபமினா மாத்திடும், 2019-ல ஹார்வர்ட்ல கண்டுபிடிச்சாங்க. டோபமின் ரத்தத்துலேருந்து மூளைக்குள்ள போகாது, அப்ப அந்த அளவு மருந்து வீண். மாத்திரைல கூட வர்ற கார்பிடோபா, எல்-டோபாவ வழிலயே மாத்துற நம்ம உடம்பு என்சைமத்தான் அடக்கும், பாக்டீரியாவோடத அடக்காது. எல்-டோபா வந்தது செடிலயா மாத்திரைலயான்னு அந்த பாக்டீரியா பாக்காது. உங்க பொடில கார்பிடோபாவும் கிடையாது, பாக்டீரியாவுக்கு தப்பி போனதுலயும் பெரும்பகுதிய வழிலயே நம்ம உடம்பே மாத்திடும்.

சண்டைல ரெண்டு கேள்வி நின்னு போச்சு. அப்பாக்கு மாத்திரை சில நாள் வேலை செய்யலன்னு கேட்ட தம்பி, உடனே பாக்டீரியாவ திட்டாதீங்க, பருப்பு முட்டையோட போட்டா புரதமும் மருந்தும் உள்ள போக போட்டி போடும், நேரத்த நியூராலஜிஸ்ட்ட கேளுங்க. 34 வயசுல மலச்சிக்கல், பார்க்கின்சனான்னு பயந்தவங்க, முதல்ல தண்ணி குடிங்க.