தோற்றாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்

கேள்வி: எங்கள் தெருவில் கேரம் போட்டி என்றால் தோற்றவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2025 நவம்பரில் இத்தாலியின் டூரினில் நடந்த ஏடிபி ஃபைனல்ஸ் டென்னிஸ் போட்டியில் மூன்று ஆட்டத்தில் இரண்டில் தோற்ற டி மினோர் அரையிறுதிக்குப் போய்விட்டாரே, இது என்னங்க நியாயம்?
- கேரம் பைத்தியம், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: பெரும்பாலான டென்னிஸ் போட்டிகளிலும் உங்கள் தெரு நியாயம்தான். வருஷக் கடைசியில் வரும் இந்தப் போட்டியில் கதை வேறு. அந்த ஆண்டில் நன்றாக ஆடிய எட்டு பேரை நான்கு நான்காக இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள், குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும், முதல் இரண்டு பேர் அரையிறுதிக்கு.

டி மினோர் குழுவில் அல்காரஸ் மூன்றையும் ஜெயித்துவிட்டார். மிச்சம் மூன்று பேர். முசெட்டி டி மினோரை அடித்தார், ஃபிரிட்ஸ் முசெட்டியை அடித்தார், டி மினோர் ஃபிரிட்ஸை அடித்தார், ஆக ஆளுக்கு ஒரு வெற்றி. அப்படி முட்டிக்கொண்டால் செட் கணக்கு பார்ப்பார்கள் (ஒரு ஆட்டத்துக்கு மூன்று செட், இரண்டை ஜெயித்தவருக்கு வெற்றி). முசெட்டி 2 செட் ஜெயித்து 5 தோற்றிருந்தார், அவர் வெளியே. மற்ற இருவருக்கும் 3 ஜெயிப்பு, 4 தோல்வி, அச்சு அசலாக ஒன்றே. சரி, உங்களுக்குள் ஆடியபோது யார் ஜெயித்தது? டி மினோர். முடிந்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டி மினோர் மதியமே ஆட்டத்தை முடித்துவிட்டார், ஆனால் அன்று ராத்திரி அல்காரஸை முசெட்டி அடித்திருந்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை, இவர் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அந்த முசெட்டியும் ஜோகோவிச் விலகியதால்தான் கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர், அதுவும் ஏதென்ஸ் இறுதியாட்டத்தில் அதே ஜோகோவிச்சிடம் தோற்ற கையோடு!

கேள்வி: அப்படியென்றால் ஏற்கெனவே அரையிறுதி உறுதியான ஆள், கடைசி ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்று, பிடிக்காதவனைக் கழற்றிவிடலாமே?
- பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: பெயர் ஏன் வேண்டாம் என்று புரிகிறது. கணக்குப்படி பார்த்தால் அந்த ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. 2023-இல் டூரினில் சின்னர் சரியாக அந்த இடத்தில்தான் நின்றார். குழு ஆட்டத்தில் ஜோகோவிச்சை முதல் முறையாக வென்றுவிட்டார், அரையிறுதியும் உறுதி. கடைசியாக ரூனேவோடு ஆட வேண்டும், அதில் தோற்றால் ஜோகோவிச் வீட்டுக்குப் போய்விடுவார். முதுகு வலிக்கிறது, கால் பிடிக்கிறது என்று ஏதாவது சொல்லி விட்டுக்கொடுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. மனுஷன் மூன்று செட் போராடி ரூனேவை ஜெயித்தார். இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? ஜோகோவிச். 6-3, 6-3 என்று நேர் செட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார் சின்னர். ஜோகோவிச்சுக்கு அது ஏழாவது பட்டம், அதுதான் இன்றைய சாதனையும்.

அடுத்த இரண்டு வருஷமும் சின்னர் ஒரு செட்கூட விடாமல் பட்டம் வென்றார். 2025-இல் தோல்வியே இல்லாமல் ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு 50 லட்சம் டாலருக்கும் மேல். நீங்கள் சொன்ன குறுக்கு வழியில் போயிருந்தால் 2023-இலேயே ஒன்று கிடைத்திருக்குமோ என்னவோ, எனக்கு மட்டும் அந்த ரூனே ஆட்டத்துக்காகவே அவரைப் பிடிக்கும்.

கேள்வி: இங்கே எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?
- ராத்திரி ஷிப்ட் தொழிலாளி, எண்ணூர்

பதில்: டூரினுக்கும் நமக்கும் நவம்பரில் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் இரண்டு மணி ஆட்டம் இங்கே மாலை 6.30, அங்கே ராத்திரி எட்டரை என்றால் இங்கே நடுநிசி ஒரு மணி. ஷிப்ட் உங்களுக்குத்தான் வசதி.

கேள்வி: நடால் இதை ஜெயித்ததே இல்லையாமே, நிஜமா? பந்தயம் கட்டியிருக்கிறோம்.
- இரண்டு நண்பர்கள், பெரம்பூர்

பதில்: நிஜம்தான். 2010-இல் ஃபெடரரிடமும் 2013-இல் ஜோகோவிச்சிடமும் இறுதியில் தோற்றார், அவ்வளவுதான். கூரைக்குள் கடினத் தரை, அவர் கொடிகட்டிப் பறந்த களிமண்ணில் எழும்புவது போல பந்து இங்கே எழும்பாது. அப்புறம் தகுதி பெற்றும் பல வருஷம் காயமும் உடல்நலக் குறைவும் அவரை நவம்பரில் வரவிடாமல் செய்துவிட்டன. தோற்றவர் டீயோடு பன் பட்டர் ஜாமும் வாங்கித் தரவும்.

கேள்வி: இந்தப் போட்டியின் மிகச் சிறந்த இறுதியாட்டம் எது?
- பழைய பிளேயர், ராயபுரம்

பதில்: 1996 ஹனோவரில் சாம்ப்ராஸ், பெக்கர் ஆடியது என்பார்கள். என் ஓட்டு 2005 ஷாங்காய்க்கு. நல்பாண்டியன் அந்த வருஷம் முதல் எட்டிலேயே இல்லை, ராடிக் விலகியதால் கூப்பிட்டார்கள். முதல் குழு ஆட்டத்திலேயே ஃபெடரரிடம் தோல்வி. இறுதியில் மறுபடி அதே ஃபெடரர், தொடர்ந்து 35 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்து நிற்கிறார். முதல் இரண்டு செட்டும் டைபிரேக்கில், அதாவது 6-6 என்று முட்டிக்கொண்டால் செட்டை முடிக்க ஆடுவதில், போச்சு. அங்கிருந்து திரும்பி வந்து ஐந்தாவது செட் டைபிரேக்கில் ஜெயித்து முடித்தார் நல்பாண்டியன், பாருங்கள்! 2008-லிருந்து இறுதியையும் மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார்கள். இப்போதைய விதிப்படி அன்று இரண்டாவது செட்டோடு ஃபெடரரிடம் கோப்பையைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு இந்த மாற்றம் இன்றுவரை ஜீரணமாகவில்லை.

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை சென்னை ஓபன் நடந்ததே, இதையும் இங்கே கொண்டுவரலாமே?
- ஆசைக்காரன், வியாசர்பாடி

பதில்: சென்னை ஓபன் பெரும்பாலும் ஜனவரியில் நடந்தது, தப்பித்தது. இது நவம்பர். நுங்கம்பாக்கம் அரங்கத்துக்குக் கூரை கிடையாது, நம்ம ஊர் நவம்பர் எப்படியென்று வியாசர்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? கணேசபுரம் சுரங்கப்பாதையில் படகுப் போட்டி வேண்டுமானால் வைக்கலாம், அதற்கு மட்டும் ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.