எல்லாமே அக்காதான்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 24 வயது. எங்கள் சபையின் வாலிபர் குழுவில் பாடல், நாடகம், சிறுவர் ஊழியம் என்று எல்லாவற்றிலும் இருப்பவள். மூன்று மாதங்களுக்கு முன் நாங்கள் பதினான்கு பேர், பத்து நாள் ஊழியப் பயணமாக ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குப் போனோம். வண்டியை விட்டு இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். பத்து நாளும் இறங்கவில்லை என்றே சொல்லலாம். ஜெபிக்க நான் கண்ணை மூடினால், விரலால் என் இமையைத் தூக்கிப் பார்ப்பாள்.

இரண்டு விஷயங்கள் அப்போதே உறுத்தின. நாங்கள் கற்றுக்கொடுக்கப் போன பாட்டின் சைகைகளைப் பிள்ளைகள் எங்களுக்கு முன்பாகவே செய்து முடித்தார்கள். இன்னொன்று, நட்புக் கயிறு. நான் அவள் மணிக்கட்டில் ஒன்று கட்டப் போனபோது ஏற்கெனவே அங்கே நான்கு இருந்தன. “இது யார் கட்டியது?” என்றேன். “அக்கா.” “இது?” “அக்கா.” எல்லாமே அக்காதான்.

கடைசி நாள், “அக்கா சீக்கிரம் திரும்பி வருவேன்” என்று சொன்னேன். அவள் அழவில்லை. என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் விளையாடப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் வழியெல்லாம் அழுதேன். சின்ன வயதில் என் அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்தார், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். அப்போதுகூட நான் இப்படி அழுததில்லை.

இப்போது அடுத்த பயணத்தை நான் நடத்த வேண்டும் என்கிறார் போதகர். அதற்கு முன் சபையில் சாட்சி சொல்லவும் கேட்டிருக்கிறார். என் தோழியோ, “ஒன்றும் கிடைக்காததற்குப் பத்து நாள் அன்பாவது கிடைத்ததே” என்கிறாள். என் கைப்பேசியின் முகப்பில் அந்தப் பிள்ளையின் படம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஏதோ திருடிவிட்டு வந்ததைப் போல இருக்கிறது. நான் செய்தது தவறா? மறுபடி போகலாமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

அந்தப் பிள்ளை ஏன் அழவில்லை என்ற இடத்தில்தான் உங்கள் மனம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிலையாக இரண்டொருவர் வளர்க்கும் நான்கு வயதுப் பிள்ளை, புதியவர் வந்தால் பெரும்பாலும் தன் ஆளின் காலுக்குப் பின்னால் ஒளியும். அங்கிருந்து எட்டிப் பார்க்கும். மெல்ல மெல்லத்தான் அருகே வரும். ஐந்து நிமிடத்தில் அந்நியர் இடுப்பில் ஏறுகிற பிள்ளையைப் பார்த்து நாம் உருகிப்போகிறோம். என் போன்றவர்களுக்கு அங்கே கொஞ்சம் கவலை வரும். 1970களில் பார்பரா டிசார்ட் என்ற உளவியலாளர் லண்டனில் இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளைக் கவனித்தார். வசதியில் குறையில்லாத இல்லங்கள்தாம். ஆனால் ஒவ்வொரு குழந்தையையும் இரண்டு வயதுக்குள்ளேயே சராசரியாக 24 பேர் மாறி மாறி வளர்த்திருந்தார்கள். பிறகு அவர்களில் பலர், யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளாக இருந்தார்கள். நீங்கள் சொல்லும் சிறுமியை நான் பார்த்ததில்லை, எந்தப் பெயரும் சூட்ட மாட்டேன். ஆனால் மணிக்கட்டில் ஐந்து கயிறு இருக்கிற பிள்ளைக்கு ஐந்தாவது அக்காவும் போவாள் என்று தெரிந்திருக்கிறது. அழாமல் இறங்கிப் போனது உங்கள்மேல் பிரியம் இல்லாததால் அல்ல. அழுது பார்த்து, பயனில்லை என்று அவள் எப்போதோ கற்றிருக்கலாம்.

உங்கள் தோழி சொல்வது கேட்க நியாயமாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். அவளை நீங்கள் இடுப்பில் வைத்திருந்தபோது, அன்றாடம் அவளைக் குளிப்பாட்டித் தலைவாரும் பெண் எங்கே இருந்தார்? பதினான்கு விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்திருப்பார். நாளைக்கும் அங்கே இருக்கப்போகிறவரிடமிருந்து, நாளைக்கு இருக்கப்போகாதவர் பத்து நாளை எடுத்துக்கொண்டார். இல்லத்தில் ஒன்றும் விசாரிக்காமல் பிள்ளையை உங்கள் கையில் விட்டார்கள் என்றால், உங்களைப் போல் நல்ல மனம் இல்லாதவர் கையிலும் அப்படியே விடுவார்கள். அதையும் யோசியுங்கள்.

இதனால் நீங்கள் பாவி ஆகிவிடவில்லை. தெரியாமல், அன்போடு செய்தீர்கள். திருடிய உணர்வு என்கிறீர்களே, அதைத் தண்டனையாகச் சுமக்காமல் தகவலாக எடுத்துக்கொள்ளலாம். அப்பாவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். அப்பா புறப்படும்போது அழாத சிறுமி, இத்தனை வருடம் கழித்து, அழாத இன்னொரு சிறுமியைப் பார்த்து வழியெல்லாம் அழுதிருக்கிறாள். அந்தக் கண்ணீரில் பாதி உங்களுடையது. அதற்கு இன்னொரு பயணம் மருந்தாகாது. அருகில் ஒரு ஆலோசகரிடம் நாலைந்து முறை உட்கார்ந்து பேசுங்கள். அப்பா இருக்கிறார் என்றால் அவரிடமும்.

இனி பயணத்துக்கு வருவோம். இதே வடிவத்தில் என்றால் நடத்த வேண்டாம். போதகர் யாக்கோபு 1:27ஐக் காட்டக்கூடும். காட்டட்டும், நல்ல வசனம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொல்கிறது. இருவரையும் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தகப்பனில்லாப் பிள்ளையின் தாய்தான் பல நேரங்களில் அந்த விதவை. நாம் பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து இல்லத்தில் வைத்துவிட்டு, அங்கே பாட்டுப் பாடப் போகிறோம். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடிருப்பதாக ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் கணக்குச் சொன்னது. வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று அதே ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 2000இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளோடு தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிடத் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குமுன் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆகவே விசாரியுங்கள், முழு அர்த்தத்தில். இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள்? வீட்டுக்கு அனுப்ப என்ன குறைகிறது? பதினான்கு பேரின் பயணச் செலவு அந்தக் குறையை எத்தனை குடும்பத்துக்குத் தீர்க்கும்? இந்தக் கேள்விகளை இல்லம் வரவேற்றால் நல்ல அறிகுறி. முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சாட்சி சொல்லுங்கள். சாட்சி என்றால் கேட்பவர்கள் கண்ணீர் விட வேண்டும் என்று யாரோ நம் சபைகளில் சட்டம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கயிற்றுக் கதையை அப்படியே சொல்லிவிட்டு உட்காருங்கள். படத்தை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சபைத் திரையிலும் போட வேண்டாம். அவள் சம்மதித்து எடுத்த படம் அல்ல அது.

மிச்சம் இருப்பது நீங்கள் கொடுத்த வாக்கு. சீக்கிரம் வருவேன் என்றதை நான்கு வயது மனம் மறந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதைக் காப்பாற்றுவதற்காக ஓடவும் வேண்டாம். அவளைக் குளிப்பாட்டும் அந்த அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் கடிதத்தை அவருக்கு எழுதுங்கள். நான் இப்படிச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், வர முடியாது என்பதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.