கணினியில் ஓடும் ப்ளூ-ரே டிஸ்க், பிளேயரில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: கேம்கார்டரிலும் மொபைலிலும் எடுத்த குடும்ப வீடியோக்களை எச்டி தரம் குறையாமல் டிஸ்க்கில் எழுதி வைக்கிறேன். இதுவரை மூன்று டிஸ்க் எழுதியிருக்கிறேன். மூன்றும் கணினியில் நன்றாக ஓடுகின்றன. டிவியோடு இணைத்திருக்கும் ப்ளூ-ரே பிளேயரில்தான் சிக்கல். முதல் டிஸ்க்கைப் போட்டால் 'டிஸ்க் இல்லை' என்கிறது. இரண்டாவதைப் போட்டால் ஃபைல் பட்டியல் தெரிகிறது, எதை அழுத்தினாலும் ஓடவில்லை. மூன்றாவது, சாதாரண டிவிடியில் எழுதியது. அது ஓடுகிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது. சில காட்சிகளில் சத்தமே இல்லை. விலைக்கு வாங்கிய படங்கள் எல்லாம் அதே பிளேயரில் ஒழுங்காக ஓடுகின்றன. கோளாறு பிளேயரிலா, டிஸ்க்கிலா?

பதில்: 'ஓடவில்லை' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், ஒவ்வொரு டிஸ்க்கும் எந்த இடத்தில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் மூன்று டிஸ்க்குகளிலும் இருப்பது மூன்று வெவ்வேறு கோளாறுகள். முதலாவதைப் பிளேயரால் படிக்கவே முடியவில்லை. இரண்டாவதைப் படித்தது, ஆனால் அது வீடியோ டிஸ்க் என்று அதற்குப் புரியவில்லை. மூன்றாவதில் அதுவும் புரிந்தது. உள்ளே இருக்கும் வீடியோதான் அதன் சக்திக்கும் விதிக்கும் பொருந்தவில்லை.

கணினியில் ஓடியதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினியில் இருக்கும் விஎல்சி போன்ற மென்பொருள், கிடைத்த ஃபைலை எப்படியாவது திறந்துவிடும். ஃபோல்டர் எங்கே இருக்கிறது, ஆடியோ எந்த வகை, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. போதாததற்கு, டிஸ்க்கை எழுதிய டிரைவே அதைப் படிக்கவும் செய்கிறது. தான் எழுதியதை அது சுலபமாகப் படித்துவிடும். தனி பிளேயர் அப்படிப்பட்டதல்ல. ப்ளூ-ரே விதிப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்யும் சிப் அதற்குள் இருக்கிறது. விதியில் இல்லாத ஒன்றைக் கண்டால் நின்றுவிடும், பல நேரம் காரணமும் சொல்லாது.

முதல் டிஸ்க்: 'டிஸ்க் இல்லை'

ப்ளூ-ரே பிளேயருக்குள் மூன்று வகை லேசர்கள் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. உங்கள் டிவிடி படிக்கப்பட்டதால் சிவப்பு லேசர் சரியாக இருக்கிறது. கடைப் படங்களில் ப்ளூ-ரேயும் இருந்தால் நீல லேசரும் வேலை செய்கிறது. ஆனாலும் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொழிற்சாலையில் அச்சிட்ட டிஸ்க் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். வீட்டில் எழுதும் பிடி-ஆர் (BD-R, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க்) அதைவிட மங்கலாகத்தான் திருப்பும். வயதான, அல்லது தூசி படிந்த லென்ஸ் முதல் வகையைப் படித்துவிட்டு இரண்டாவதில் தடுமாறும். ஆகவே 'வாங்கிய படம் ஓடுகிறது' என்பதால் மட்டும் பிளேயர்மேல் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

டிஸ்க்கின் உறையை எடுத்துப் பாருங்கள். அதில் எல்டிஎச் (LTH) என்று அச்சிட்டிருந்தால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். வழக்கமான பிடி-ஆர் டிஸ்க்கில் கனிமப் பூச்சு இருக்கும். எழுதிய இடம் மங்கும். எல்டிஎச் வகை சிடி, டிவிடி போலக் கரிமச் சாயத்தில் செய்யப்படுவது; அதில் எழுதிய இடம் நேர்மாறாகப் பிரகாசமாகும். இந்த வகை பின்னால் வந்தது என்பதால் பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு அது தெரியாது. பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபார்ம்வேரைப் புதுப்பித்தால் சிலவற்றில் சரியாகும், சிலவற்றில் ஆகாது. நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் குடும்ப வீடியோவுக்கு எல்டிஎச் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கொள்ளளவையும் பாருங்கள். சாதாரண பிளேயர்கள் 25 ஜிபி ஒற்றை அடுக்கையும் 50 ஜிபி இரட்டை அடுக்கையும் நம்பி வடிவமைக்கப்பட்டவை. 100 ஜிபி பிடிஎக்ஸ்எல் டிஸ்க்கில் எழுதியிருந்தால், அது படிக்காததில் வியப்பில்லை. இரட்டை அடுக்கிலும் எழுதும்போது தவறு நேர வாய்ப்பு அதிகம். இடம் போதுமானால் ஒற்றை அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதும் வேகம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்று. அதிவேக டிஸ்க்கை மிக மெதுவாக எழுதுவதும் தரத்தைக் கெடுக்கலாம். டிஸ்க்கில் குறித்திருக்கும் உச்ச வேகத்துக்கு ஒன்றிரண்டு படி கீழே வைத்து எழுதுங்கள். எழுதி முடித்ததும், எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் 'வெரிஃபை' செய்வதைத் தவிர்க்காதீர்கள். டிஸ்க்கை முடித்து மூடும் 'ஃபைனலைஸ்' தெரிவு நிறுத்தப்பட்டிருந்தாலும் இதே 'டிஸ்க் இல்லை' செய்தி வரும்.

கைரேகையும் காரணமாகலாம். டிவிடியில் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. உள்ளே இருக்கிறது, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ. மேலே ஒரு கீறலோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் லேசருக்கு அது மிக அருகில் தெரியும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள்; வட்டமாகத் துடைக்கக் கூடாது. காகித லேபிள் ஒட்டியிருந்தால் அந்த டிஸ்க்கை மறந்துவிட்டு வேறொன்று எழுதுங்கள். ப்ளூ-ரே சுழலும் வேகத்தில் லேபிளின் சிறு எடை வேறுபாடுகூட டிஸ்க்கை ஆட்டிவிடும்.

இரண்டாவது டிஸ்க்: பட்டியல் தெரிகிறது, ஓடவில்லை

மூன்றில் எளிதில் தீர்வது இதுதான். ஃபைல் பட்டியல் தெரிகிறது என்றால் பிளேயர் அதை வெறும் தரவு டிஸ்க் என்று எடுத்துக்கொண்டது என்று பொருள். ப்ளூ-ரே வீடியோ என்று அது ஒப்புக்கொள்ள, டிஸ்க்கைத் திறந்ததும் தெரியும் முதல் நிலையிலேயே பிடிஎம்வி (BDMV) என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் இண்டெக்ஸ், மூவி ஆப்ஜெக்ட் என இரண்டு ஃபைல்கள். பிளேலிஸ்ட், கிளிப்இன்ஃப், ஸ்ட்ரீம் என உள் ஃபோல்டர்கள். உங்கள் வீடியோ ஸ்ட்ரீம் ஃபோல்டரில், எம்2டிஎஸ் (m2ts) ஃபைலாக உட்கார்ந்திருக்கும். பிடிஎம்வியின் பக்கத்தில் சர்டிஃபிகேட் என்று ஒரு ஃபோல்டரும் வைப்பது வழக்கம்; காலியாக இருந்தாலும் பரவாயில்லை. டிஸ்க்கின் ஃபைல் முறை, அதாவது ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் விதம், யுடிஎஃப் (UDF) 2.50 ஆக இருக்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, பிடிஎம்வி ஃபோல்டரை 'நம் பயணம்' மாதிரி ஒரு பெயருள்ள ஃபோல்டருக்குள் வைத்து எழுதிவிடுவார்கள். ஒரு படி உள்ளே போனாலே பிளேயரின் கண்ணுக்கு அது தெரியாது. இன்னொன்று, முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலில் வைத்திருக்கும் ஐஎஸ்ஓ (ISO) இமேஜை இமேஜாக எழுதாமல் ஒரு சாதாரண ஃபைலாகத் தூக்கி டிஸ்க்கில் போடுவது. டிஸ்க்கைக் கணினியில் திறந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் தெரிகிறதா? அப்படியானால் இதுதான் நடந்திருக்கிறது. எம்பி4 ஃபைலின் வால்பெயரை மட்டும் மாற்றி எம்2டிஎஸ் ஆக்குவதும் பலிக்காது. பெயர்தான் மாறும், உள்ளமைப்பு மாறாது.

விண்டோஸில் ஃபைலை இழுத்துப் போட்டு எழுதும் வசதியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டிஎஸ்மக்ஸர் (tsMuxeR) என்ற இலவச மென்பொருளில் வீடியோவைக் கொடுத்து, வெளியீட்டில் ப்ளூ-ரே என்று தேர்ந்தால், மேலே சொன்ன ஃபோல்டர் அடுக்கை அதுவே கட்டித் தரும். படத்தை மறுபடி சுருக்காது என்பதால் தரம் துளியும் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது. மெனு மட்டும் கிடைக்காது. கிடைத்த பிடிஎம்வியை இம்க்பர்ன் (ImgBurn) என்ற டிஸ்க் எழுதும் மென்பொருள் வழியாக, ஃபைல் முறை யுடிஎஃப் 2.50 தானா என்று பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

மூன்றாவது டிஸ்க்: திக்கலும் மௌனமும்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் அறிகுறியே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சத்தம் வரும் காட்சிகள் எவை, வராதவை எவை என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கேம்கார்டரில் எடுத்தவற்றில் சத்தம் இருக்கும், மொபைலில் எடுத்தவை ஊமையாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். உங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும், ஏவிசிஎச்டி (AVCHD) என்ற எச்டி முறையில் பதியும் கேம்கார்டர்கள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி-3 ஆடியோவைப் பதியும். மொபைல் பதிவது ஏஏசி (AAC) என்ற வேறு வகை ஆடியோ. ப்ளூ-ரே விதிப்புத்தகத்தில் ஏஏசிக்கு இடமே இல்லை. மொபைல் காட்சிகளின் ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3 ஆக மாற்றினால் சத்தம் வந்துவிடும். ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 256 கிலோபிட் போதும். விதி 640 வரை அனுமதிக்கிறது.

திக்கலுக்குக் காரணம் பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு. டிவிடியில் எச்டி வீடியோ எழுதும் ஏவிசிஎச்டி முறையை சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்தன. டிவிடி டிஸ்க்கில் அதற்கு உச்ச வரம்பு நொடிக்கு 18 மெகாபிட். பல கேம்கார்டர்களின் உயர்தர முறை 24 மெகாபிட்டில் பதிகிறது. 2011-இல் சேர்க்கப்பட்ட 1080/60பி முறை (நொடிக்கு 60 முழு ஃபிரேம்) 28 வரை போகும். டிவிடியின் அடிப்படை வேகமே நொடிக்குச் சுமார் 11 மெகாபிட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மெல்லிய குழாய் வழியாக இவ்வளவு தரவு வரும் முன்பே பிளேயரின் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது, படம் நிற்கிறது. நீர், இலைகள், வேகமாகத் திரும்பும் கேமரா என அசைவு மிகுந்த காட்சிகளில் திக்கல் கூடினால் இது உறுதி. சராசரி வரம்புக்குள் இருந்தால் போதாது, உச்சமும் இருக்க வேண்டும்.

தீர்வுகள் இரண்டு. வீடியோவை 15, 16 மெகாபிட்டுக்கு மறுபடி சுருக்கி டிவிடியிலேயே எழுதலாம், 4.7 ஜிபியில் 38 நிமிடம் அளவுக்குப் பிடிக்கும். அல்லது பிடி-ஆருக்கு மாறலாம். ப்ளூ-ரேயில் வீடியோவுக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடமுண்டு. நொடிக்கு 25 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு 25 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டிவிடியில் எழுதிய எச்டியை எல்லா ப்ளூ-ரே பிளேயரும் ஏற்பதில்லை. உங்களுடையது ஏற்கிறது, நாளை வாங்கப்போவது ஏற்காமல் போகலாம். முன்பக்கத்தில் ஏவிசிஎச்டி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டியிருக்கும்.

பிடி-ஆருக்கு மாறினாலும் மொபைல் வீடியோவை அப்படியே எழுத முடியாது. முதலில் மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பாருங்கள். வீடியோவைச் சுருக்கிய முறை எச்.265 என்று காட்டினால் சாதாரண ப்ளூ-ரேக்கு அது ஆகாது, எச்.264, எம்பெக்-2, விசி-1 மூன்றுதான் ஆகும். எச்.264 ஆக இருந்தாலும் லெவல் 4.1-ஐத் தாண்டக் கூடாது. ஃபிரேம் வேகம் 'மாறக்கூடியது' என்று காட்டினால் நிலையான வேகத்துக்கு மாற்ற வேண்டும். மொபைல் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பவை. 1080 வரியில் ப்ளூ-ரே ஏற்பது 24பி, 50ஐ, 60ஐ ஆகியவற்றைத்தான் ('பி' என்றால் முழு ஃபிரேம், 'ஐ' என்றால் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாகப் பிரித்த படம்). 1080-இல் 60பி கிடையாது, 720-இல் உண்டு. 30பி காட்சியை 60ஐ என்ற உறையில் இட்டுத்தான் எழுத வேண்டும். டிஸ்க் தயாரிக்கும் நல்ல மென்பொருள் இதைத் தானே செய்துவிடும். செங்குத்தாக எடுத்த காட்சிக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை சேர்த்து 1920x1080 ஆக்குங்கள். 4கே என்றால் 1080-க்குக் குறைத்து டிஸ்க்கில் எழுதிவிட்டு, மூலத்தை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக வையுங்கள்.

மறுபடி சுருக்கும்போது எக்ஸ்264 என்கோடரில் 'ப்ளூ-ரே பொருத்தம்' என்ற தெரிவை மறக்காமல் இயக்குங்கள். கீஃபிரேம்கள், அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுதாகப் பதியும் ஃபிரேம்கள், ஒரு நொடிக்கு ஒன்றாவது வரட்டும். இணையத்தில் ஏற்றுவதற்கான அமைப்பில் கீஃபிரேம்கள் பல நொடிக்கு ஒன்றாக இருக்கும். அதனால்தான் சில டிஸ்க்குகள் ஓடும், ஆனால் காட்சி தாண்டும்போது உறைந்துபோகும்.

படம் உறைவது பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே பிடிஎம்வியை இரண்டு டிஸ்க்கில் எழுதுங்கள். இரண்டும் ஒரே நிமிடத்தில் உறைந்தால் குறை ஃபைலில். வெவ்வேறு இடத்தில் உறைந்தால் குறை டிஸ்க்கில் அல்லது எழுதிய விதத்தில். எப்போதும் கடைசிப் பகுதியில்தான் என்றால், டிஸ்க்கின் வெளி விளிம்பு சரியாக எழுதப்படவில்லை. டிஸ்க்கை முழுக்க நிரப்பாமல் ஒன்றிரண்டு ஜிபி காலியாக விட்டு எழுதுங்கள்.

இனி வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அழித்து எழுதக்கூடிய பிடி-ஆர்இ (BD-RE) டிஸ்க் ஒன்று வாங்குங்கள். சுமார் ஆயிரம் முறை எழுதலாம் என்பதால் சோதனைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அது உங்கள் பிளேயருக்கு ஆகும் என்று கையேட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்கார்டர் காட்சியில் இரண்டு நிமிடம், மாற்றிய மொபைல் காட்சியில் இரண்டு நிமிடம் சேர்த்து ஒரு சிறு பிடிஎம்வி செய்து அதில் எழுதுங்கள். பிளேயரில் படம், சத்தம், காட்சி தாண்டுதல் மூன்றும் சரியாக வந்த பிறகே முழு வீடியோவையும் அதே அமைப்பில் செய்து, எல்டிஎச் அல்லாத பிடி-ஆரில் எழுதுங்கள்.

அந்தச் சோதனை டிஸ்க்கும் 'டிஸ்க் இல்லை' என்றே வந்தால் வேறொரு வீட்டுப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் பிளேயரின் ஃபார்ம்வேரைப் புதுப்பித்து, லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். அங்கேயும் ஓடாவிட்டால் பிளேயரின் மாடல் எண், டிஸ்க்கின் உறையில் உள்ள விவரம், மீடியாஇன்ஃபோ காட்டும் வரிகள் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். எந்த இடத்தில் தடைபடுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.